முகம் திருப்பிய கல்

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டைச் சேதுராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் நினைத்தது நினைத்த நொடியில் நடந்தாக வேண்டும்.

அவன் தாய் எந்நேரமும் ஒரு பழைய பதக்கம் அணிந்திருப்பாள். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்தது. பழுப்புக் கல், அதன் வெள்ளை மேலடுக்கில் யாரோ ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம் புடைப்பாகச் செதுக்கியிருக்கும். தாய் இறந்தபின் அரசனுக்கு அது தாயின் முகமாகவே தெரிந்தது. சபை மண்டபத்துக்கு ஒருபக்கம்தான் சுவர், மறுபக்கம் திறந்த முற்றம். அந்தச் சுவரில் பதக்கத்தைப் பதிக்கச் சொன்னான். பதித்தபின் பார்த்தால், முகம் அரியணைக்கு எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மாவை என் பக்கம் திருப்புங்கள்" என்றான் அரசன்.

கருவூலத் தலைவர் தேவநாதருக்கு, அரசன் கற்களைப் பற்றித் தன்னிடம் கேட்காமல் கல்செதுக்கும் மாசாத்தியிடம் கேட்பது வெகுநாள் வயிற்றெரிச்சல். "மாசாத்தியால் முடியாததா, அரசே?" என்றார்.

மாசாத்தி பதறினாள். "வெள்ளை அடுக்கு நகக்கனம்தான், அரசே. திருப்பிச் செதுக்கினால் முகமே போய்விடும்."

"மூன்று நாள் தருகிறேன். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போ."

மூன்றாம் நாள் அவள் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"உளி எங்கே?" என்றார் தேவநாதர்.

அவள் அரசனைப் பார்த்தாள். "அரசே, அம்மாவுக்கு உங்கள்மேல் கோபம் என்று நினைக்கிறீர்களா?"

அரசன் சுவரிலிருந்த முகத்தைப் பார்த்தான். "கடைசி நாளன்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வேட்டை முடியட்டும் என்றேன். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது."

"அப்படியானால் இப்போது இறங்கி வாருங்கள், அரசே."

மண்டபத்தின் கடைசியில், குறை சொல்ல வந்தவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே அவனை அழைத்துப் போனாள். அரசன் உட்கார்ந்து நிமிர்ந்தான். வெள்ளை முகம் அவன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கண் கலங்கியது.

"கல் திரும்பவே இல்லையே, அரசே" என்றார் தேவநாதர்.

"திரும்பி வரவேண்டியவன் நான்தான். அது இவளுக்குப் புரிந்தது, உமக்குப் புரியவில்லை. இனி கருவூலத்துக் கற்களெல்லாம் மாசாத்தி பொறுப்பு. நீர் தினமும் இந்தப் பாயில் உட்கார்ந்து, வருகிறவர்களின் குறையைக் கேட்டு எழுதும்."

தேவநாதர் தலைகுனிந்து பாயருகே வந்தார். பக்கத்திலிருந்த உழவர் ஒருவர், யாரை எப்படி வணங்குவதென்று தெரியாமல், கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.