ஓடியது, சொன்னது

“ஊர்ப்பட்ட பிள்ளைங்ககிட்ட எல்லாம் பொய் சொன்னீங்க. எனக்கு மட்டும் ஏன் சார் ஒரு பொய்கூடச் சொல்லலை?”

சண்முகவடிவு வாசலிலேயே நின்று கேட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அருமைநாயகம் சார் நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் ஓட்டப் பயிற்சி கொடுத்தவர். எண்பது வயது முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் தான் ஓடுவது காலையில் எழுந்ததும் குளியலறைக்கு மட்டும்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

“உள்ள வாட்டி மொதல்ல. அம்பத்திரண்டு வயசாகுது. இன்னும் கோட்டுல நின்னுக்கிட்டே சண்டை போடுதே.”

அவள் உள்ளே வந்தாள். கையில் ஒரு நீள நோட்டு.

கல்லூரியின் பவள விழாவுக்காக நூலகத்தில் சாருக்கென்று ஓர் அலமாரி ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய காகிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை வடிவுக்கு வந்தது. அவரிடம் ஓடிப் பழகியவள். இன்று வேறொரு கல்லூரியில் அவர் செய்த அதே வேலையைச் செய்கிறவள். தவிர, சாரின் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அந்த இரண்டு பேரில் சார் இல்லை என்று கல்லூரியில் ஒரு பேச்சு உண்டு.

மூன்று டிரங்குப் பெட்டிகள். ரயில் சலுகைப் படிவங்கள் ஒரு கட்டு. ‘என் மகளை வெளியூருக்கு அனுப்புவதாக இல்லை’ என்று அப்பாக்கள் எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு. அதே அப்பாக்கள் பின்னால் அனுப்பிய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு.

எல்லாவற்றுக்கும் அடியில் பயிற்சி நோட்டுகள். ஒவ்வொரு பெண்ணுக்கும் சில பக்கங்கள். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்தார். இடப்பக்கத் தலைப்பு ‘ஓடியது’. வலப்பக்கத் தலைப்பு ‘சொன்னது’.

மைதானத்தில் சார் ஸ்டாப் வாட்சை யாருக்கும் காட்டமாட்டார். உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நேரத்தை வாயால்தான் சொல்வார். காரணம் வடிவுக்கு முப்பது வருஷம் கழித்து, தூசித் தும்மலுக்கு நடுவே விளங்கியது.

“லிடியா நானூறு மீட்டர் ஓடினது அறுபத்தாறு செகண்ட். சொன்னது அறுபத்தஞ்சு.” நோட்டைப் பிரித்து வாசித்தாள் வடிவு.

“ஓட்டத்தையே விட்டுருதேன்னு அன்னைக்குக் காலையிலதான் அழுதா.”

“பானு ஓடினது அறுபத்தி மூணு. சொன்னது அறுபத்தி நாலு.”

“அவளுக்குத் தலைக்கனம். மைதானத்துக்கே முகம் பாக்கிற கண்ணாடி கொண்டு வருவா.”

“எனக்கு?”



அவள் தன் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். ஓடியது அறுபத்து நான்கு, சொன்னது அறுபத்து நான்கு. அடுத்த வாரம் அறுபத்து மூன்றரை, சொன்னதும் அதுவே. மூன்று வருஷமும் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுபோல இருந்தன.

“கடைசி வருஷம் பல்கலைக்கழகப் போட்டியில நாலாவது வந்தேன். மூணு பேருக்குத்தான் மெடல். எனக்கும் மூணாவது வந்தவளுக்கும் ஒரு எட்டுதான் இடைவெளி. ஒரே ஒரு பொய் சொல்லித் தட்டி விட்டிருந்தீங்கன்னா வந்திருப்பேன்.”

“வந்திருக்கலாம்.”

“அப்ப, இவ இதுக்கு மேல தேறமாட்டான்னு விட்டுட்டீங்களா?”

 பத்து நாளாக அவள் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இதுதான். நாளைக்குப் பெட்டிகளை ஒப்படைத்தாக வேண்டும். அதற்குள் தெரிய வேண்டும்.

சார் எழுந்து அடுப்படிக்குப் போனார். இரண்டு டம்ளர் கருப்பட்டிக் காப்பியோடு மெதுவாகத் திரும்பி வந்தார். ஒன்றை அவள் கையில் கொடுத்தார்.

“இப்ப உன்கிட்ட எத்தனை பிள்ளைங்க ஓடுதாங்க?”

“பதினாலு.”

“நேரம் சொல்லுவியா?”

“சொல்லாம?”

“ஓடின நேரத்தையா?”

வடிவு காப்பியை ஊதினாள். ஊதிக் குடிக்கிற சூடு அதில் இல்லை.

“சும்மா சொல்லுட்டி. நான் என்ன பேப்பர்லயா போடப் போறேன்?”

“அரை செகண்ட், முக்கா செகண்ட் கூட்டிக் குறைச்சுச் சொல்லுவேன். சில நாள் வேற வழி இல்ல.”

“யாரு கத்துக்குடுத்தா?”

“ஒருத்தரும் கத்துக்குடுக்கலை. தானா வந்துச்சு.”

“திருடி.” சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பதினாலு பேருக்குமா?”

“பதிமூணு பேருக்கு.”

“பாக்கி ஒருத்தி?”

“இசக்கி. ரெண்டாம் வருஷம் படிக்கா. அவளுக்கு ஓடின நேரம்தான்.”

“அவ தேறமாட்டாளோ?”

“சார்!” வடிவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “யாரைப் பாத்து என்ன சொல்லுதீங்க? மழை கொட்டினாலும் மைதானத்துல மொத ஆளா நிக்கிறவ அவ.”

“அப்ப ஒரு பொய் சொல்லித் தட்டி விட வேண்டியதுதானே?”

“அவகிட்டயா? முடியாது சார்.”

“மெடல் போயிருமே.”

“போனாப் போகட்டும். பதிமூணு பிள்ளைங்ககிட்டப் பொய் சொல்லிட்டு வீட்டுக்குப் போனா சோறு எறங்குமா சார்? ஒருத்திகிட்டயாவது உண்மையைச் சொன்னாத்தான் எனக்கு...”

பாதியில் நிறுத்தினாள்.

“எனக்கும்தாம்ட்டி,” என்றார் அருமைநாயகம் சார்.