எதிரே உட்காருகிறவள்

கண்ணாடிச் சில்லால் கோடாலிக்குப் போடுகிற கருவேலங்காம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சுருள் சுருளாக மடியில் விழுந்தது.

"தில்லை, எனக்கு எப்பதான் பயம் போகும்?" என்று கேட்டேன்.

தில்லை செங்கல் பொடி போட்டு ஒரு பழைய கோடாலியின் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதுக்குப் போகணும்?" என்றாள்.

தில்லை என் வீட்டுக்காரரின் தங்கை. என்னைவிட மூன்று வயது சின்னவள். வீட்டில் நான் அவளுக்கு அண்ணி. பட்டறையில் அவள் எனக்குக் குரு. பழைய கோடாலிகளைப் புதுசாக்கி, புதுக் காம்பு போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு.

காம்பு போட்டவர்தான் முதல் அடிக்கு எதிரே உட்கார வேண்டும். வெட்டுகிற கட்டைக்கு அந்தப் பக்கம், நாலு முழம் தள்ளி, வெறும் மண்ணில். வாங்க வந்தவர் ஓங்கி வெட்டுவார். பத்து வெட்டு. காம்பு சரியில்லை என்றால் இரும்பு கழன்று நேரே வரும்.

அதுவரைக்கும் மூன்று காம்பு போட்டிருந்தேன். மூன்று தடவையும் உட்கார்ந்தேன். மூன்று தடவையும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அது ஊருக்கே தெரியும்.

என் பிள்ளைக்கு எட்டு மாதம். பால் குடிக்கிற பிள்ளை. எதிரே உட்கார்ந்தால் அவன் முகம்தான் முன்னால் வரும்.

"கண்ணை மூடினா இரும்பு வராதா அண்ணி?" என்பாள் தில்லை.



இந்த நாலாவது காம்பு கலியபெருமாள் அண்ணனுக்கு. சவுக்குத் தோப்பில் மரம் வெட்டுகிறவர். அவர் வெட்டிக்கொண்டே போவார். அவருக்கு எதிரே அவர் பெண்சாதி பூரணி, விழுந்த மரத்தில் கிளை கழித்துக் கட்டாகக் கட்டுவாள்.

பேசிக்கொண்டே காம்பின் தலைப்பக்கத்தைக் கூடுதலாகச் சுரண்டிவிட்டேன்.

கோடாலித் துளையில் நுழைத்து ஆப்பு அடித்தேன். ஆடியது. இன்னொரு ஆப்பு அடித்தேன். அப்போதும் லேசாக ஆடியது.

வேறு காம்பு செதுக்க வேண்டும். தெரியும். தில்லையிடம் சொன்னால் சிரிப்பாளே என்று பயம். சொல்லாமல் எதிரே உட்காரவும் பயம்.

அவள் அந்தப் பக்கம் போனதும் கோடாலியைத் தலைகீழாகத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திவிட்டேன்.

தண்ணீர் குடித்தால் மரம் ஊதும். ஊதினால் இரும்பை இறுக்கிப் பிடிக்கும். காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும். இதெல்லாம் தில்லை சொல்லிக்கொடுத்ததுதான். செய்யாதே என்று சொல்லிக்கொடுத்தாள்.

மறுநாள் காலையில் எடுத்துத் துடைத்தேன். ஈரம் தெரியாமல் வேப்பெண்ணெய் தடவினேன்.

கலியபெருமாள் வந்தார். நான் போய் எதிரே உட்கார்ந்தேன்.

"இன்னிக்காவது கண்ணைத் தொறந்து பாரும்மா. என் மூஞ்சி ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல" என்றார்.

பத்து வெட்டு வெட்டினார். இரும்பு இம்மியும் அசையவில்லை. நான் கண்ணை மூடவில்லை.

"இது காம்பு!" என்று தோளில் போட்டுக்கொண்டு போனார்.

தில்லை என்னையே பார்த்தாள்.

"பயம் போயிடுச்சா அண்ணி?"

"போயிடுச்சு."

"ம்" என்றாள்.

பிள்ளை அழுதான். மடியில் போட்டுப் பால் கொடுத்தேன். வெயில் ஏறியது. காலையில் துவைத்துக் கொடியில் போட்ட பிள்ளைத் துணி அதற்குள் காய்ந்து மொடமொடவென்று ஆடியது.

அதைப் பார்த்தேன். அந்தக் காம்பும் இந்நேரம் காய்ந்திருக்கும்.

"தில்லை."

"ம்."

"அந்தக் காம்பு..."

"எந்தக் காம்பு?"

"தண்ணியில போட்டேன்."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நீ போய்ச் சொல்லிட்டு வாயேன்" என்றேன். "எனக்கு வெளி ஆம்பளைங்ககிட்ட பேச வராது. குரலே எழும்பாது. உனக்குத் தெரியும்ல?"

தில்லை எழுந்து கையைத் துடைத்தாள். என் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"முதல் அடிக்கு எதிர்ல யார் உட்காரணும்?"

"காம்பு போட்டவங்க. அதான் காலையிலேயே உட்கார்ந்தேனே..."

"காலையில வெட்டினது தண்ணி அண்ணி. காம்பு இன்னும் ஒரு அடிகூட அடிக்கல."

ஓடினேன்.

தோப்பு பார்வைக்கு வருவதற்கு முன்பே வெட்டுச் சத்தம் வந்தது. இறுகின காம்பு ஒரே சத்தமாக விழும். இது இரண்டாக விழுந்தது. ஒரு டக். அதன் வாலில் இன்னொரு குட்டி டக்.

ஒவ்வொரு வெட்டுக்கும் எனக்கு உயிர் போய் வந்தது.

மணலில் கால் புதைந்தது. செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

சத்தம் நின்றுவிட்டது.

நானும் நின்றுவிட்டேன். அலறல் வருமோ என்று காதைக் கொடுத்தேன். எதுவும் வரவில்லை. சவுக்கில் காற்று மட்டும் இரைந்தது. திரும்பி வீட்டுக்கே போய்விடலாம், கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையைக் கட்டிப் பிடித்துப் படுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது.

கால் என்னவோ முன்னால்தான் போனது.

கலியபெருமாள் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் எதிரே பூரணி குனிந்து கிளை கழித்துக்கொண்டிருந்தாள். முதுகு அவர் பக்கம்.

அவர் துண்டைத் தோளில் போட்டார். கோடாலியை எடுத்தார்.

கூப்பிட வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

நேரே போனேன். அவருக்கும் பூரணிக்கும் நடுவில் மணலில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்துகொண்டு.

ஓங்கின கை அப்படியே நின்றது.

"என்ன புள்ள இது? பேய் கீய் அடிச்சிருச்சா?"

நான் கோடாலியைக் கையால் காட்டினேன்.

"முதல் அடி" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"அதான் காலையிலயே வெட்டியாச்சே!"

"காலையில ஈரம்."

அவர் என்னை முறைத்தார். பிறகு கோடாலியை இறக்கி, இரும்பை ஒரு கையால் பிடித்து ஆட்டினார்.

கடகடவென்று ஆடியது. ஆப்பு ஒன்று நழுவி மணலில் விழுந்தது.

அவர் அந்த ஆப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் குனிந்திருந்த முதுகைப் பார்த்தார்.

கோடாலியைத் தள்ளி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் அடிக்கவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்தார். குடிக்காமலே கீழே வைத்தார்.

விழுந்த ஆப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"பட்டறையில கண்ணை மூடிக்கிட்டு உட்கார்றவ நீ. ஆடுற கோடாலின்னு தெரிஞ்சும் இங்க எப்படி வந்து உட்கார்ந்தே? பயமில்லையா உனக்கு?"

"பயம்தாண்ணா" என்றேன். "காலையிலதான் பயமில்லாம உட்கார்ந்திருந்தேன். அப்ப எனக்கு என்னன்னா, இரும்பு என் மேல வராதுன்னு தெரியும். ஆனா இப்ப ஓடி வர்றப்ப, நான் என்ன நெனச்சேன்னா, அந்தப் பயம் வந்து..."

"அக்கா!"

காற்று இரைச்சலில் பூரணிக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. கிளைக் கட்டைக் கயிற்றால் இறுக்கிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வந்ததுதான் வந்தீங்க, அந்த மனுசன்கூட உட்கார்ந்து என்ன பேச்சு? இந்தக் கட்டைத் தூக்கி என் தலையில வெச்சுவிடுங்க, வாங்க!"