இடது விளக்கு

மில் முதலாளி திருவேங்கடத்துக்குப் பெற்ற பிள்ளையைவிடத் தன் வெள்ளைக் கார்மேல்தான் பிரியம். கொஞ்ச நாளாக, பள்ளத்தில் இறங்கினால் பியூஸ் போய் அதன் இடது விளக்கு அணைந்துவிடும். மூன்று பேர் பார்த்தும் கோளாறு பிடிபடவில்லை. கடைசியில் வயரிங் வேலை பார்க்கும் மாசானத்தைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏலே, சாயங்காலத்துக்குள்ள சரியாகணும். இல்லேன்னா இந்த ஊர்ல நீ கடை திறக்க முடியாது."

மாசானம் விளக்கைக் கழற்றி உள்ளே கையை விட்டான். விரலில் ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தான். அதைக் கைக்குள் மூடிக்கொண்டு முதலாளியிடம் போனான். பக்கத்தில், அவரைப் பார்க்க வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, வண்டிய வேற யாரும் ஓட்டுனாங்களா? தப்பா ஓட்டியிருந்தாலும் கோளாறு வரும்."

"என்னையத் தவிர எவனும் ஸ்டீயரிங்கத் தொட்டதில்ல!"

"இந்த மாசமும் இல்லீங்களா?"

"என்னைக்குமே இல்லலே!"

மாசானம் கையை விரித்தான். மில் தொழிலாளிகள் கழுத்தில் மாட்டும் பித்தளை டோக்கன். எண் நாற்பத்தேழு.

"இதுதான் வயர்ல உரசிக் கெடந்துச்சு. வெளக்குக் கண்ணாடி ஒடஞ்சப்போ உள்ள விழுந்திருக்கு; புதுசு மாத்துனவன் கவனிக்காம இத உள்ளயே விட்டுட்டான்."

அது உலகம்மாளின் எண். பதினைந்து நாளுக்கு முன் ஷிப்ட் முடிந்து போனவளை அடித்துக் கொன்ற வண்டி எது என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"கார் சாவியக் குடுங்க."

மாசானம் கையைத் துடைத்துக்கொண்டு உலகம்மாள் வீட்டுக்கு நடந்தான். அவள் புருஷனிடம் சொல்ல வேண்டியிருந்தது.