பத்தொன்பதாந்தேதிக்குக் காவல்

தலையாட்டிப்பட்டியில் புத்திக்குப் பஞ்சம் உண்டே தவிர யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. அந்த ஊர் வீரணன் ஒருநாள் முகம் தொங்கிப்போய் ஒச்சப்பர் டீக்கடைக்கு வந்தான். ஊர்த் தலைவரும் ஒச்சப்பர்தான்.

"என்னடா வீரணா?"

"பிள்ளை வளக்க கவர்மெண்டு பணம் குடுக்குதுல்ல, அது நிக்கப்போகுதுண்ணே. அஞ்சு வயசு முடியிற வரைக்கும்தான், மாசாமாசம் ஒண்ணாந்தேதி தருவோம்னு ஆபீசரம்மா சொல்லிருக்காக. நாளைக்கு இருபது. பயலுக்கு அஞ்சு முடியுது. இனிமே பாலுக்கு எங்கண்ணே போவேன்?"

கடையிலிருந்த பதினொரு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. நல்ல மனசுக்காரர்கள், அதில் குறையே சொல்ல முடியாது. ஒச்சப்பர் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை உற்றுப் பார்த்தார். ஊருக்கே அது ஒன்றுதான் காலண்டர்.

"நாளைக்கு இருபதுன்னு யார்றா சொன்னது?"

"இந்தத் தாளைக் கிழிச்சா அடுத்தது அதானண்ணே?"

"கிழிச்சாத்தானடா!"

வீரணன் அப்படியே அவர் காலில் விழுந்தான்.

அன்றிலிருந்து தாளைக் கிழிக்கத் தடை. காற்றில் பறந்துவிடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தினார்கள். முறைவைத்து இரண்டிரண்டு பேர் தாளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வினை எங்கே வந்ததென்றால், பத்தொன்பதாந்தேதி கிருத்திகை விரதம். மறுநாளும் பத்தொன்பதுதான், ஆகவே மறுநாளும் விரதம். ஒரே வாரத்தில் ஊரில் ஒருத்தர் இடுப்பிலும் வேட்டி நிற்கவில்லை.

"இந்தக் கிருத்திகை எப்பய்யா முடியும்?" என்று வீரணன் மனைவி பேச்சி கேட்டாள்.

"பயலுக்கு மீசை முளைக்கட்டும்டி, கிழிச்சுக்கலாம்."

வீரணனுக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். தாளின் அடியில் அவனுடைய மேஷ ராசிக்கு 'வரவு' என்று போட்டிருந்தது.

இப்படி இருக்கையில் ஆபீசரம்மா டீக்கடை வாசலில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"நல்ல செய்தி வீரணன்! இன்னையிலேர்ந்து பத்து வயசு வரைக்கும் பணம் உண்டு. இந்தாங்க."

வீரணன் கையை நீட்டினான். பாதியில் கண் காலண்டருக்குப் போயிற்று. கை மடங்கிவிட்டது.

"ஒண்ணாந்தேதிதானம்மா தருவீக?"

"ஆமா, இன்னைக்கு ஒண்ணாந்தேதிதானே!"

பதினொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாவம், வெயில்ல வந்த கிறுகிறுப்பு," என்றார் ஒச்சப்பர்.

"இன்னைக்குப் பத்தொம்பதும்மா," என்றான் வீரணன் பக்குவமாக. "ஒண்ணாந்தேதி வரட்டும், வாங்கிக்கிறேன்."

அந்த அம்மா பொறுமை இழந்து தாள்களைக் கிழிக்கப் போனார். காவலுக்கு நின்ற இரண்டு பேரும், "ஐயோ, பச்சைப்பிள்ளை வயசும்மா அது!" என்று அலறிக் குறுக்கே விழுந்தார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

புழுதி அடங்கியதும் வீரணன் தாளை இன்னொரு முறை படித்தான். மேஷம், வரவு.

"பணம் இன்னைக்கு எப்படியும் வந்துரும்ணே," என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டர் போன பாதையையே பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தான்.