மூன்று தலையாட்டல்

அல்லிக்குளத்தருகே ஒரு கீரி இருந்தது. வயிற்றில் குட்டிகள். குடியிருந்த வளையோ பள்ளத்தில்! மழை வந்தால் முதலில் நிரம்புகிற இடம் அதுதான். கொஞ்ச தூரத்தில் ஈச்சமரத்து மேடு சும்மா கிடந்தது. அங்கே ஒரு வளை தோண்டிக்கொண்டால் குட்டிகள் பிழைக்கும்.

தோண்டிக்கொள்ள வேண்டியதுதானே என்கிறீர்களா? அதெப்படி? போன வருஷம் ஒரு முள்ளம்பன்றி யாரையும் கேட்காமல் குளத்துக் கரையைக் குடைந்துவிட்டது. கரை உடைந்து, அந்தக் கோடை முழுக்க எல்லாரும் தண்ணீருக்குத் தவித்தார்கள். கீரியும்தான். அதற்குப் பிறகுதான் சபை வைத்தார்கள். ஆந்தை, உடும்பு, தவளை மூவரும் ஒன்றாக உட்கார்ந்து தலையாட்டினால்தான் யாரும் மண்ணைத் தொடலாம். நல்ல சட்டம்தான், குறை சொல்ல முடியாது.

புரட்டாசி பிறந்த அன்று, சபையின் குமாஸ்தாவான அணிலிடம் கீரி மனுச் செய்தது.

"இவ்வளவுதானா அக்கா? நாளைக்கே முடிச்சிரலாம்!" என்று அணில் ஓடியது.

பொழுது சாய்ந்ததும் ஆந்தையார் கண் திறந்தார். "பிள்ளைத்தாய்ச்சி கேட்டு இல்லேன்னு சொல்வேனா? எனக்குப் பூரண சம்மதம்! மத்தவங்களைக் கூட்டிட்டு வா!"

ஆனால் வெயில் போனதுமே உடும்பார் வளைக்குள் முடங்கிவிட்டார். மறுநாள் உச்சிவேளையில்தான் பாறைமேல் வந்து படுத்தார்.

"மேடுதானே? கரைக்கு ஒரு சேதமும் இல்ல. தாராளமா தோண்டட்டும்! எங்கே ஆந்தையார்?"

ஆந்தையார் மரப்பொந்தில் நல்ல உறக்கத்தில் இருந்தார்.

தவளையாரோ காய்ந்த சேற்றுக்கு அடியில். அணில் மண் வெடிப்பில் வாயை வைத்துக் கத்தியது. உள்ளேயிருந்து குரல் வந்தது: "சம்மதம், சம்மதம்! மழை விழட்டும், வெளியே வந்து தலையாட்டுறேன்!"

பார்த்தீர்களா கூத்தை! மூவருக்கும் சம்மதம். மூவருமே தங்கமானவர்கள். ஆனால் ஒருவர் விழித்தால் இன்னொருவர் தூங்குகிறார். பாவம் அணில், குட்டி போட்ட பூனை மாதிரி மரத்துக்கும் பாறைக்கும் அலைந்தது.

"இன்னும் ரெண்டே நாள் அக்கா!" என்றது. ஒரு மாதமாக இதையேதான் சொன்னது.

"என் வயித்துக்கு உங்க சட்டம் தெரியாதே தம்பி!" என்றது கீரி.

ஐப்பசியின் முதல் மழை பட்டப்பகலில் கொட்டியது. அன்று காலையில்தான் கீரி மூன்று குட்டிகளை ஈன்றிருந்தது. பள்ளத்தில் தண்ணீர் ஏற, ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. மேட்டில் வளை ஏது? குட்டிகள் கொட்டும் மழையில் கிடந்தன.

அதே மழையில் ஆந்தையாரின் மரம் முறிந்தது. உடும்பாரின் வளை நிரம்பியது. இரண்டு பேரும் மேட்டுக்கு ஓடிவந்தார்கள். மழை கண்ட குஷியில் தவளையாரும் துள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"கூட்டம் கூடிருச்சு! கூட்டம் கூடிருச்சு!" என்று அணில் குதித்தது.

மூன்று தலைகளும் ஆடின. கண் மூடித் திறக்கிற நேரம்கூட ஆகவில்லை.

உடும்பார் தாமே நகங்களால் மண்ணைப் பறித்தார். ஆந்தையார் குட்டிகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டார். இரண்டு குட்டிகள் நெளிந்தன. கடைக்குட்டி மட்டும் அசையவில்லை. கீரி அதை நக்கியது, நக்கியது, நக்கிக்கொண்டே இருந்தது.

வெகுநேரம் கழித்து, "கீச்!" என்று ஒரு சின்னச் சத்தம். அப்பாடா! எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

"அனுமதி கொடுத்துட்டோம் தாயி," என்றார் ஆந்தையார் மெதுவாக.

"நன்றி ஐயா. ஆனா அது எனக்குப் புரட்டாசியிலயே வேண்டியிருந்தது," என்றது கீரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சபைக்குச் சுருக்கென்றது. அங்கேயே சட்டத்தை மாற்றினார்கள். இனி ஒன்றாக உட்கார வேண்டாம். அவரவர் விழித்திருக்கும்போது அணிலிடம் சொன்னால் போதும்.

மறுநாளே அந்த முள்ளம்பன்றி வந்து, கரையைக் குடைய அனுமதி கேட்டது. அடுத்த பொழுது விடிவதற்குள் அதற்கும் பதில் வந்துவிட்டது: "கூடாது!"

கொடுக்க மனம் இருந்தால் மட்டும் போதாது; கேட்டவருக்குத் தேவைப்படும் நாளில் கொடுப்பதே உதவி.