சிவப்பு மாறாத குழாய்

மலையூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்குக் குழாய் கழுவும் வேலைக்கு வந்தவர் மாதன். கழுவிக்கொண்டே கேள்வி கேட்பார். கேட்டுக் கேட்டே சோதனை செய்யவும் கற்றுக்கொண்டார். கற்றுத்தந்த டாக்டர் செலின் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

மாதனின் மகனை, பரம்பரையாக வரும் ரத்த நோயான அரிவாள் செல் நோய் கொண்டுபோயிருந்தது. அடுத்த மழைக்குள் மாதனின் மனைவியும் போய்விட்டாள். மிஞ்சியவள் ஐந்து வயது மகள் ரங்கி. அன்று மேசைமேல் இருந்தது அவள் ரத்தத்திலிருந்து பிரித்த டிஎன்ஏ.

மூன்று குழாய்கள்: ரங்கியுடையது ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க வேறு இரண்டு. டிஎன்ஏ வரிசையில் நோயைத் தரும் அந்த ஒற்றை எழுத்தைத் தேடும் சிறு டிஎன்ஏ இழையை ஒவ்வொன்றிலும் விட்டு, வெந்நீரில் வைத்து எடுத்து, தங்கத் துகள் கரைசலைச் சேர்த்து, கடைசியில் உப்பு. கரைசல் நல்ல சிவப்பு. அந்த எழுத்து இருந்தால் நீலமாகும்.

மூன்றும் நீலமாயின.

மாதன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "முடிஞ்சுது மேடம்."

செலின் குனிந்து பார்த்தார். "இது உங்களுது. உங்க ரத்தத்துல அது உண்டுன்னு தெரிஞ்சதுதான். அது ரங்கியோடது. நடுவுல?"

"உங்களுது."

"எனக்கும் வந்துடுச்சா? போன வாரம்வரைக்கும் இல்லையே மாதண்ணா!"

மாதனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெந்நீர்லேருந்து எடுத்ததும் தங்கம் விட்டீங்களா?"

"கை வரலை மேடம். பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

"ஆறிப்போச்சு. ஆறினா, ஓர் எழுத்து பொருந்தாட்டியும் இழை போய் ஒட்டிக்கும். சூட்டுல நிஜமான ஜோடிதான் நிக்கும். மறுபடி செய்யுங்க."

"நீங்களே செஞ்சிடுங்களேன்."

செலின் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இம்முறை மாதன் தயங்கவில்லை. சூடு ஆறுமுன் தங்கம். பிறகு உப்பு.

அவருடைய குழாய் நீலமானது. செலினுடையது சிவப்பாகவே நின்றது. ரங்கியின் குழாயை மாதன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நூறு எண்ணினார். சிவப்பு. இன்னொரு நூறு எண்ணினார். அப்போதும் சிவப்பு.

குழாயைக் கீழே வைக்காமலே செலினிடம் கேட்டார்.

"முந்நூறு கோடி எழுத்து. அதுல ஒண்ணே ஒண்ணு. கண்ணுக்கே தெரியாத இந்தத் தங்கத்துக்கு அது எப்படித் தெரியுது மேடம்?"

"தங்கத்துக்கு ஒண்ணும் தெரியாது. உப்பு பட்டா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து நீலமாயிடும். அவ்வளவுதான்."

"இது ஆகலையே?"

"தேடிப்போன இழைக்கு ஜோடி கிடைக்கலை மாதண்ணா. தனியா நின்னுடுச்சு. அதான் தங்கத்தை அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, உப்பு படாம பாத்துக்குது."