தலைமையாசிரியர் வரைந்த போர்டு

தமயந்தி டீச்சரிடம் வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களிலேயே வயதில் மூத்தவர் குழந்தைவேல். டீச்சரைவிடவே இருபது வயது பெரியவர். கணக்கு வாத்தியாராக இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். பிறர் தப்பைச் சிவப்பு மையில் சுழித்தே காலத்தை ஓட்டியவருக்கு, பெஞ்சில் மாணவராக உட்காருவது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை.

கோவையில், டீச்சர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கும். ஹெட்போனில் பாட்டுக் கேட்க ஆளுக்கொரு சின்ன ஆம்ப்ளிஃபயர் கட்ட வேண்டும். பழைய ரேடியோவில் பல்பு மாதிரி எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வு கிடைத்தது, மற்ற சாமான்களும் கிடைத்தன. அவற்றைப் பொருத்திப் பற்றவைக்கும் சர்க்யூட் போர்டுதான் கிடைக்கவில்லை. "வால்வுக்கெல்லாம் இப்ப யாருங்க போர்டு போடறாங்க?" என்று கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"நானே வரைஞ்சு, எல்லாருக்கும் அடிச்சு வாங்கித் தர்றேன்" என்றார் குழந்தைவேல்.

சொன்னால் செய்கிற மனுஷர். கம்ப்யூட்டர் முன்னால் பழியாகக் கிடந்து போர்டு வரையக் கற்றுக்கொண்டார். கொஞ்சமாகக் கேட்டாலும் அடித்துக் கொடுக்கிற கம்பெனி எது என்று ஊர் ஊராகப் போன் போட்டு விசாரித்தார். போர்டின் மூலையில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போடவும் மறக்கவில்லை.

போர்டுகள் வந்து சேர்ந்தன. பச்சைப் பசேலென்று, வெள்ளை எழுத்தோடு, பார்க்கவே லட்சணமாக இருந்தன. வகுப்புக்கு முந்தின நாள், ஒன்றில் மட்டும் சாமான்களைப் பற்றவைத்து, வால்வைச் செருகி, சுவிட்சைப் போட்டார்.

வால்வு எரியவில்லை.

போர்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"கடைக்காரன் செத்த வால்வ நம்ம தலையில கட்டிப்போட்டானுங்க, டீச்சர்."

டீச்சர் அந்த வால்வைத் தன் மேசையிலிருந்த ஆம்ப்ளிஃபயரில் செருகினார். அது ஜம்மென்று எரிந்தது.

"அப்பப் போர்டு அடிச்சவன்தான் கோட்டை விட்டிருக்கான்."

"நீங்க வரைஞ்ச மாதிரிதானுங்களே சார் அடிச்சிருக்காங்க?"

"அது... அப்படியேதான் இருக்கு." குழந்தைவேலின் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே பையிலிருந்து வால்வுப் புத்தகத்தை எடுத்து விரித்தார். ஒரு வட்டம், அதைச் சுற்றி வரிசையாக வால்வின் கம்பிக் கால்கள். பக்கத்தில் போர்டை வைத்தார். அதே வட்டம், அதே வரிசை. "பாருங்க, ஒரு கால்கூட மாறல. அப்பப் புத்தகந்தான் தப்பு."

"உக்காருங்க சார்" என்றார் டீச்சர்.

உட்கார்ந்தார். டீச்சர் வால்வை ஆற விட்டு எடுத்து, அவர் தலைக்கு மேலே, கால்கள் கீழே தெரியும்படி பிடித்தார்.

"எண்ணுங்க."

குழந்தைவேல் அண்ணாந்து பார்த்து எண்ணினார். கால்கள் புத்தகத்தில் இருந்தபடியே வரிசையாக வந்தன.

டீச்சர் வால்வைத் திருப்பாமல் அப்படியே இறக்கி, அவர் மடிக்கு அருகே பிடித்தார். "இப்ப மேல இருந்து எண்ணுங்க."

வால்வின் கண்ணாடிக்கு அடியில் விரலை விட்டுத் தடவி எண்ணினார். வரிசை எதிர்ப்பக்கமாக ஓடியது. வால்வைக் கீழிருந்து பார்த்து வரைந்த படம் அது. அவரோ அதை மேலிருந்து பார்த்ததாக நினைத்துப் போர்டில் இறக்கியிருக்கிறார். அவருக்குக் காதெல்லாம் சுட்டது. வெட்கமாக இருந்தது.

சட்டென்று எழுந்தார்.

"இன்னைக்கே திருத்தி அனுப்பறேன். செலவு என்னோடது. நாளைக்கு மட்டும், கம்பெனிக்காரன் இன்னும் அனுப்பலைன்னு சொல்லிருங்க டீச்சர். வகுப்புல அத்தன பேர் முன்னால என் மானம் போயிருமுங்க."

டீச்சர் பெட்டியிலிருந்து புதுப் போர்டு ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். வால்வு உட்காரும் சாக்கெட்டை மட்டும் அடிப்பக்கமாகச் செருகிப் பற்றவைத்தார். மீட்டரைக் குழந்தைவேல் கையில் கொடுத்தார்.

ஒவ்வொரு காலாகச் சோதித்தார் குழந்தைவேல். சாக்கெட் மறுபக்கம் போனதில் கால்களின் வரிசையும் திரும்பி, எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருந்தன. போன உயிர் திரும்பி வந்தது.

"அட, அப்ப இது தப்பே இல்லீங்களே! வால்வு ஒரு பக்கம், சாமானெல்லாம் மறுபக்கம். சூடு சாமானுக்குப் படாது பாருங்க. அதுக்காகத்தான் யோசிச்சு இப்படி வரைஞ்சேன்னு சொல்லிடறேன்."

"நல்ல காரணந்தானுங்க சார்."

"ஒருத்தருக்கும் தெரியாதுங்க."

"தெரியாதுங்க." டீச்சர் பற்றவைக்கும் கோலின் முனையைத் துடைத்தார். "அடுத்த போர்ட கிருபா வரையறாளாம். உங்ககிட்ட இந்தப் புத்தகத்த இரவல் கேக்கப்போறா."

கிருபா வகுப்பிலேயே சின்னவள். குழந்தைவேல் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. அவள் இந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, தன்னைப் போலவே மேலிருந்து பார்த்து வரைவதை அவரால் நினைத்துப் பார்க்க முடிந்தது.

விரித்திருந்த புத்தகத்தை மூடினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"வேலை பார்த்த காலம் பூரா, பசங்க முன்னால ஒரு கணக்கக்கூட நான் தப்பாப் போட்டதில்லீங்க டீச்சர். நாளைக்கு அத்தன பேர் முன்னால நின்னு, தப்புப் பண்ணிப்போட்டேன்னு எப்படிங்க சொல்றது?"

"தப்புன்னு சொல்ல வேண்டாங்க சார்" என்றார் டீச்சர். "எந்தப் பக்கமிருந்து பாத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."